சூடேறினால் மூன்றாம் கியரிலேயே நின்றுவிடும் ஆட்டோமேட்டிக் வண்டி: கோளாறு வயரிலா, பெட்டிக்குள்ளா?

முடிச்சூர்க்காரன் | 2024 ஜூன் 9

வணக்கம். என் வண்டி 2011-இல் வாங்கிய பெட்ரோல் செடான். டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள பழைய வகை, நான்கு கியர் ஆட்டோமேட்டிக். ஓடியது 1,18,000 கிலோமீட்டர்.

காலையில் எந்தக் குறையும் இல்லை. நான்கு கியரும் வெண்ணெய் போல மாறும். மாலையில் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகுதான் வேலையைக் காட்டுகிறது. சிக்னலில் நின்று கிளம்பும்போது எஞ்சின் சத்தம் மட்டும் ஏறும், வண்டி சண்டி மாடு போல மெல்ல நகரும். டாஷ்போர்டில் ஓவர்டிரைவ் விளக்கு கண் சிமிட்டும். வேகம் பிடித்துவிட்டால் ஓடும், ஆனால் கியர் மாறவே மாறாது. ஓரமாக நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தால் மீண்டும் நல்ல பிள்ளையாகிவிடும். ஏப்ரல் முதல் இப்படித்தான் சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு பட்டறையில் காட்டினேன். ஸ்கேனரைச் சொருகி, பி0700, பி0753 என்று இரண்டு கோடுகளை (கோளாறு எண்களை) தாளில் எழுதிக் கொடுத்தார்கள். "கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும், 1,40,000 ரூபாய், மூன்று வாரம்" என்றார்கள். வண்டியை விற்றாலே இரண்டு லட்சம்தான் வரும். பிரிக்கச் சொல்வதற்கு முன் நானே பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

கரிக்கை | 2024 ஜூன் 9

தம்பி, கோயம்புத்தூரில் 27 வருடமாக இந்தப் பெட்டிகளைத்தான் பிரித்து மாட்டுகிறேன். குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, சூடானதும் படுத்துக்கொள்ளும் பெட்டி என்றால் என் முதல் சந்தேகம் ரப்பர் சீல்தான். கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் பிஸ்டனைச் சுற்றி சீல் இருக்கிறது. பதின்மூன்று வருடத்தில் அது கெட்டிப்பட்டிருக்கும். ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்வரை கசிவு தெரியாது. சூடேறி நீர்த்ததும் அழுத்தம் இடுக்கு வழியாக ஓடிவிடும், பிளேட் வழுக்கும்.

ஆனாலும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மூன்று காரியம் செய்யுங்கள்.

ஆயிலைப் பாருங்கள். வண்டி நன்றாகச் சூடான பிறகு, சமதளத்தில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப் ஸ்டிக்கை உருவ வேண்டும். எஞ்சின் ஆயில் பார்ப்பது போல நிறுத்திவிட்டுப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும். நிறம், வாடை இரண்டையும் எழுதுங்கள்.

அடுத்து, நின்ற இடத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டு என்-இலிருந்து (நியூட்ரல்) டி-க்கு (முன்னோக்கி ஓட்டுவது) மாற்றி, வண்டிக்குள் "தக்" என்று பிடிப்பது தெரியும்வரை எத்தனை நொடி என்று பாருங்கள். அதேபோல ஆர் (ரிவர்ஸ்). இந்த வகைப் பெட்டிக்கு டி 1.2 நொடிக்குள், ஆர் 1.5 நொடிக்குள் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது ஸ்டால் டெஸ்ட். இதைத் தனியாகச் செய்யாதீர்கள். நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, கைபிரேக் போட்டு, இடது காலால் பிரேக்கை முழுதாக மிதித்து, டி-யில் வைத்து, ஆக்சிலேட்டரை அடிவரை அழுத்தி ஆர்.பி.எம். எதில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஐந்து நொடிக்கு மேல் ஒருபோதும் கூடாது, கன்வெர்ட்டருக்குள் ஆயில் கொதித்துவிடும். முன்னால் ஆள் நிற்கக் கூடாது, சுவரும் கூடாது. கையேட்டில் உள்ள எண்ணைவிட ஏறினால் பிளேட் வழுக்குகிறது. வெகுவாகக் குறைந்தால் எஞ்சினுக்கே தெம்பில்லை, அல்லது கன்வெர்ட்டருக்குள் ஆயிலைத் திருப்பிவிடும் ஸ்டேட்டர் சக்கரத்தைப் பிடிக்கும் ஒருவழி கிளட்ச் போய்விட்டது.

ஓம்விதி | 2024 ஜூன் 10

கரிக்கை ஐயா மன்னிக்க வேண்டும், நான் மாறுபடுகிறேன். பட்டறைக்காரர்கள் எழுதிக் கொடுத்த எண்ணின் கடைசி இலக்கத்தை யாருமே படிக்கவில்லை போலிருக்கிறது.

பி0700 என்பது வெறும் அழைப்பு மணி. "கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ பதிவாகியிருக்கிறது, அங்கே போய்ப் பார்" என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. விஷயம் பி0753-இல் இருக்கிறது. முதல் ஷிப்ட் சோலினாய்டுக்கு (கியர் மாற்ற, மின்சாரத்தால் ஆயில் வால்வை இயக்கும் சுருள்) அடுத்தடுத்து சில எண்கள் உண்டு. 0751 வந்தால், மின்சாரம் சரியாகப் போயும் எதிர்பார்த்த கியர் விழவில்லை என்று பொருள். வால்வு சிக்கியிருக்கலாம், ஆயில் பாதை அடைத்திருக்கலாம், பிளேட் வழுக்கலாம். 0753 அப்படி இல்லை. அந்தச் சுற்றில் மின்சாரமே ஒழுங்காக ஓடவில்லை என்பதுதான் புகார்.

பிளேட் தேய்ந்தால், சீல் கெட்டிப்பட்டால் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? உள்ளே சுழலும் வேகத்தையும் வெளியே வரும் வேகத்தையும் இரண்டு சென்சார்கள் சொல்கின்றன. ஒன்றை மற்றொன்றால் வகுத்து, வர வேண்டிய விகிதம் வரவில்லை என்றால் 0731, 0732 என்று கியர் வாரியாகக் கோடு விழும். முடிச்சூர்க்காரருக்கு அப்படி ஒன்றுகூட விழவில்லை. வழுக்கும் பெட்டி இவ்வளவு மௌனமாக இருக்காது.

நெடுஞ்சாலை | 2024 ஜூன் 10

இதற்குத்தான் கையால் கியர் போடும் வண்டியே போதும் என்று நான் தலைதலையாக அடித்துக்கொள்கிறேன்.

கரிக்கை | 2024 ஜூன் 10

நெடுஞ்சாலை, நீங்கள் போன மாதம் கிளட்ச் பிளேட் மாற்றக் கொடுத்த பில்லை இங்கேதான் படமாகப் போட்டீர்கள்.

முடிச்சூர்க்காரன் | 2024 ஜூன் 12

என் மைத்துனனைத் துணைக்கு வைத்துக்கொண்டு மூன்றையும் செய்தேன். டி பிடிக்க ஏறக்குறைய ஒரு நொடி, ஆர் அதற்குக் கொஞ்சம் கூடுதல். சூட்டிலும் அதேதான். ஸ்டால் டெஸ்ட்டில் முள் 2,200-இல் நின்றது. கையேட்டில் 2,250-ஐ ஒட்டிப் போட்டிருக்கிறது.

ஆயில்தான் கவலையாக இருக்கிறது. சிவப்பு என்று சொல்ல முடியாது, நன்னாரி சர்பத் நிறம். லேசாகத் தீய்ந்த வாடை. அளவு சரியாக இருக்கிறது.

மின்சாரக் குறை என்றால் ஏன் ஐயா சூடானால் மட்டும் வருகிறது? அதுவும் ஏன் மூன்றாம் கியர்?

கரிக்கை | 2024 ஜூன் 12

ஸ்டால் சரி, பிடிக்கும் நேரமும் சரி என்றால் முன்னோக்கி ஓட்டும் கிளட்ச் வழுக்கவில்லை. ஆர் நன்றாகப் பிடிப்பது இன்னொரு நல்ல சேதி. இந்த வகைப் பெட்டிகளில் மூன்றாம் கியருக்கும் ரிவர்ஸுக்கும் ஒரே கிளட்ச்தான் உழைக்கிறது. ரிவர்ஸும் இல்லாமல் மூன்றாவதும் வழுக்கினால் அதைக் கைகாட்டுவேன். ரிவர்ஸ் மட்டும் போய் மூன்றாவது நன்றாக இருந்தால் ரிவர்ஸ் பிரேக் பிளேட்டைப் பார்ப்பேன். எந்தக் கியரில் எந்தக் கிளட்ச் என்ற அட்டவணை கையில் இருந்தால் பெட்டியைத் திறக்காமலேயே பாதி நோயைச் சொல்லிவிடலாம். சீல் என்று நான் சொன்னதை இப்போதைக்கு ஒத்திவைக்கிறேன். வாபஸ் வாங்கவில்லை.

மூன்றாம் கியர் எதற்கென்றால், கம்ப்யூட்டருக்கு நம்பிக்கை போய்விட்டால் எல்லா சோலினாய்டுக்கும் மின்சாரத்தை நிறுத்திவிடும். மின்சாரமே இல்லாதபோது உள்ளே வால்வுகள் எந்த நிலையில் நிற்குமோ அந்தக் கியர்தான் மிஞ்சும். உங்கள் பெட்டியில் அது மூன்று. வழியில் தவிக்க விடாமல் வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கான ஏற்பாடு அது. இரண்டு மாதம் அதையே நம்பி ஓட்டுவதற்கு அல்ல! மூன்றாம் கியரில் கிளம்பும் ஒவ்வொரு முறையும் கன்வெர்ட்டர்தான் அடிவாங்குகிறது. உங்கள் ஆயில் சர்பத் ஆனதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

ஓம்விதி | 2024 ஜூன் 13

சூட்டைப் பற்றிய கேள்விக்கு என் விடை: செம்பு சூடேறினால் அதன் மின்தடை ஏறும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 சதவீதம். 30 டிகிரியில் 13 ஓம் காட்டும் சுருள் 90 டிகிரியில் 16 ஓமைத் தொடும். இது இயல்பு, இதற்குக் கோடு விழாது. ஆனால் சுருளிலோ கனெக்டரிலோ ஒரு முறிவு இருந்தால், சூட்டில் உலோகம் விரியும்போது அது வாய் திறக்கும். ஆறினால் மூடிக்கொள்ளும். உங்கள் பத்து நிமிடக் காத்திருப்பு எனக்கு அதைத்தான் சொல்கிறது.

அளக்கும் முறை முக்கியம். எல்லோரும் கியர்பாக்ஸ் அருகே கனெக்டரைக் கழற்றி, சோலினாய்டை மட்டும் அளந்து, "நன்றாக இருக்கிறதே" என்று மாட்டிவிடுவார்கள். அப்படிச் செய்தால் கம்ப்யூட்டரிலிருந்து அங்கே வரும் வயர் சோதனைக்கு வெளியே நின்றுவிடும். பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றுங்கள். கம்ப்யூட்டரின் பிளக்கை உருவி, அதில் முதல் சோலினாய்டுக்குப் போகும் பின்னுக்கும் கியர்பாக்ஸ் உடம்புக்கும் இடையே அளவெடுங்கள். உங்கள் வகையில் சோலினாய்டின் மறுமுனை பெட்டியின் உடம்பிலேயே எர்த் ஆகிறது, ஆகவே ஒரு வயர்தான். 11 முதல் 15 ஓம் சரியான அளவு. மீட்டர் கம்பியின் தடித்த முனையைப் பின்னுக்குள் திணிக்காதீர்கள், அது விரிந்துபோனால் புதிதாக ஒரு கோளாறை நீங்களே செய்தவராவீர்கள். தையல் ஊசி போதும்.

குளிர்ந்தபோது ஒரு முறை. பிறகு விளக்கு சிமிட்டும்வரை ஓட்டிவிட்டு, ஆறுவதற்குள் இன்னொரு முறை. இரண்டாவது முறை ஒருவர் மீட்டரைப் பார்க்க, இன்னொருவர் வயர்க் கட்டை முழம் முழமாக அசைத்துக்கொண்டே வர வேண்டும்.

ஒரு கேள்வி: முடிச்சூர் என்கிறீர்களே, மிக்ஜாம் புயலில் வண்டி நனைந்ததா?

முடிச்சூர்க்காரன் | 2024 ஜூன் 13

நனைந்தது. 2023 டிசம்பர் 4 அன்று தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். வண்டிக்குள் புகவில்லை, கதவின் அடிவிளிம்புவரை நின்றது. எஞ்சின் ஆயிலையும் கியர் ஆயிலையும் பார்த்தார்கள், தண்ணீர் கலக்கவில்லை என்றார்கள். அதோடு மறந்துவிட்டேன்.

யாழ்_வாகனம் | 2024 ஜூன் 14

இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனது காரில் கியர் லீவர் பி-இல் (பார்க்) இருந்து அசையவே மறுக்கிறது. கியர்பாக்ஸ் இறுகிவிட்டது என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.

கரிக்கை | 2024 ஜூன் 14

பிரேக்கை மிதித்துக்கொண்டு பின்னால் போய்ப் பார்க்க ஒருவரை அனுப்புங்கள். பிரேக் விளக்கு எரிகிறதா?

யாழ்_வாகனம் | 2024 ஜூன் 14

எரியவில்லை!

கரிக்கை | 2024 ஜூன் 14

பிரேக் விளக்கு ஃபியூஸையும் பெடலுக்கு மேலே உள்ள சிறிய சுவிட்சையும் பாருங்கள். பிரேக் மிதித்த செய்தி கிடைத்தால்தான் லீவர்ப் பூட்டு விடும். அவசரத்துக்கு லீவர் பக்கத்தில் ஒரு சிறிய மூடி இருக்கும், அதைக் கிளப்பி உள்ளே அழுத்தினால் நகரும். கியர்பாக்ஸை யாரும் தொட வேண்டாம்.

முடிச்சூர்க்காரன் | 2024 ஜூன் 16

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதில் போனது. ஓம்விதி ஐயா சொன்னபடியே அளந்தேன்.

குளிரில் 13.2 ஓம். பெருங்களத்தூர் வரை நெரிசலில் இரண்டு நடை போய்வந்து, விளக்கு சிமிட்டத் தொடங்கியதும் வீட்டுக்குத் திருப்பி, கைசுடச் சுட பிளக்கை உருவி அளந்தேன். 17 காட்டியது. பிறகு 41. பிறகு 300-க்கு மேல். மைத்துனன் பேட்டரித் தட்டுக்குக் கீழே வயர்க் கட்டை அசைத்ததும் மீட்டரில் எண்ணே இல்லை, சுற்று அறுந்துவிட்டது போல. கையை எடுத்தால் மீண்டும் 17.

அந்த இடத்தில் கியர்பாக்ஸ் கனெக்டர் இருக்கிறது. அதைக் கழற்றி, பெட்டிப் பக்கத்தை மட்டும் நேராக அளந்தால் 16.3, ஆடவே இல்லை. வயர்ப் பக்கத்துப் பாதியைத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தேன். எட்டுப் பின்னில் ஏழு பளபளவென்று இருந்தன. ஒன்றில் மட்டும், பழைய செம்புக் குடத்தின் கழுத்தில் படியுமே, அந்தப் பச்சைக் களிம்பு. தீக்குச்சியால் சுரண்டினால் பொடியாக உதிர்கிறது. பின்னால் ரப்பர் மூடியில் மயிரிழை விரிசல். வெள்ளம் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. ஆறு மாதம் உள்ளே இருந்து மெல்ல அரித்திருக்கிறது.

ஓம்விதி | 2024 ஜூன் 16

16.3! கணக்கு அப்படியே வந்திருக்கிறது. சோலினாய்டு நலம். பெட்டியைத் திறக்க இந்தக் கோடு எந்தக் காரணமும் தரவில்லை.

பின்னைச் சுரண்டி, தெளிப்பான் அடித்து மாட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். களிம்பு வயருக்குள்ளும் ஏறியிருக்கும். உறையை உரித்துப் பார்த்துச் செம்பு கறுத்திருக்கும் தூரம்வரை வெட்டி எறியுங்கள்.

கரிக்கை | 2024 ஜூன் 16

வெட்டிய இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டாம். எஞ்சின் அதிர்வில் ஈயம் முடியும் இடத்தில் கம்பி ஒடிந்துவிடும். கிரிம்ப் போட்டு (உலோகக் குழலை வைத்து நசுக்கி இணைத்து), சூட்டில் சுருங்கும் குழாயை மேலே ஏற்றுங்கள்.

ஓம்விதி | 2024 ஜூன் 16

நன்றாகத் தாங்கல் கொடுத்தால் ஈயமும் நிற்கும் என்பது என் கட்சி. ஆனால் இங்கே அதற்காகச் சண்டை போடவில்லை.

முடிச்சூர்க்காரன் | 2024 ஜூலை 7

மூன்று வாரம் ஆகிறது. புதுப்பேட்டையில் அதே மாடலின் கனெக்டர், ஒரு முழம் வயரோடு, 600 ரூபாய்க்குக் கிடைத்தது. கிரிம்ப்தான் போட்டேன். விளக்கு ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை, கோடும் விழவில்லை.

ஆனால் சந்தோஷம் முழுமையாக இல்லை. 60 முதல் 70 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது ஒரு உதறல் வருகிறது. சாலையில் வரிவரியாகக் கோடு போட்டு வைத்திருப்பார்களே, அதன் மேல் ஓடுவது போல இரண்டு மூன்று நொடி. ஆக்சிலேட்டரை விட்டால் நின்றுவிடுகிறது. எஞ்சின் மிஸ்ஃபயரா?

கிள்ளான்வாசி | 2024 ஜூலை 7

மலேசியாவில் எங்கள் தெருவில் பாதி வண்டி ஆட்டோமேட்டிக்தான், இந்த உதறல் எங்களுக்குப் பழைய சொந்தக்காரன். காலியான சாலையில் உதறல் வரும்போது வலது கால் ஆக்சிலேட்டரில் அசையாமல் இருக்கட்டும். இடது காலால் பிரேக்கை, விளக்கு எரியும் அளவுக்கு மட்டும், தொட்டு எடுங்கள். பிரேக் செய்தி வந்ததும் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் (சீரான வேகத்தில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டுவது) விட்டுவிடும். அந்தக் கணமே உதறல் நின்று, ஆர்.பி.எம். கொஞ்சம் ஏறினால் குற்றவாளி லாக்-அப். தொட்டபிறகும் உதறினால் பிளக், காயில், எஞ்சின் மவுண்ட் பக்கம் போங்கள்.

முடிச்சூர்க்காரன் | 2024 ஜூலை 9

தொட்டதும் நின்றது. நான்கு முறை செய்தேன், நான்கு முறையும்.

கரிக்கை | 2024 ஜூலை 9

அப்படியானால் தொடக்கம் வயரில், முடிவு பெட்டியில். கனெக்டர் களிம்பால் மூன்றாம் கியரில் சிக்கினீர்கள். மூன்றில் கிளம்பிக் கிளம்பி ஆயிலைத் தீய்த்தீர்கள். தீய்ந்த ஆயிலில் லாக்-அப் பிளேட் வழுவழுவென்று பிடிக்காமல் விட்டு விட்டுப் பிடிக்கிறது, அதுதான் உதறல். ஏப்ரலிலேயே கேட்டிருந்தால் 600 ரூபாயோடு போயிருக்கும்.

ஆயிலை மாற்றிப் பாருங்கள். கையேட்டில் எந்த வகை ஆயில் என்று போட்டிருக்கிறதோ அதே வகை. பெட்டியின் அடியில் உள்ள ஆயில் தட்டை (பேன்) கழற்றும்போது அதன் அடியில் உள்ள காந்தத்தைத் துடைக்காமல் முதலில் விரலால் தேய்த்துப் பாருங்கள். குழைத்த விபூதி போல இருந்தால் வயதுக்கு ஏற்ற தேய்மானம். விரலைக் குத்தினால் எனக்குப் போன் செய்வது போல உடனே இங்கே எழுதுங்கள். ரோஸ்மில்க் போல ஆயில் வந்தாலும் அப்படியே, ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகித் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். அப்போது பிளேட்டுகளில் ஒட்டியிருக்கும் தாளே உரிந்துவிடும்.

புதுக்கார்_2022 | 2024 ஜூலை 10

என் ஏ.எம்.டி. வண்டிக்கும் இந்த ஆயில் மாற்றும் வேலையைச் செய்யலாமா? டிப் ஸ்டிக் எங்கே என்றே தெரியவில்லை.

ஓம்விதி | 2024 ஜூலை 10

உங்கள் வண்டியில் இருப்பது சாதாரணக் கையியக்க கியர்பாக்ஸ். கிளட்சை மிதிக்கவும் கியரைத் தள்ளவும் காலுக்கும் கைக்கும் பதிலாக இயந்திரம் வைத்திருக்கிறார்கள். கன்வெர்ட்டரும் இல்லை, இந்தச் சிவப்பு ஆயிலும் இல்லை. தனி இழை தொடங்குங்கள்.

முடிச்சூர்க்காரன் | 2024 ஆகஸ்ட் 18

பேனைக் கழற்றினால் ஏறத்தாழ 2.8 லிட்டர்தான் வருகிறது, மொத்தக் கொள்ளளவு 7. மீதி கன்வெர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடுகிறது. ஆகவே 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று மூன்று முறை மாற்றினேன். கணக்குப்படி இன்னும் ஐந்தில் ஒரு பங்கு பழைய ஆயில் உள்ளே இருக்கிறது, நிறம் மட்டும் சிவப்புக்குத் திரும்பிவிட்டது. காந்தத்தில் இருந்தது விபூதிதான், குத்தவில்லை. ஓரத்தில் கொஞ்சம் கண்மை போலக் கறுப்புத் தூள்.

சமதளத்தில் உதறல் போய்விட்டது. பெருங்களத்தூர் மேம்பாலம் ஏறும்போது, ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் ஒரு நொடி தலைகாட்டுகிறது.

கரிக்கை | 2024 ஆகஸ்ட் 18

கறுப்புத் தூள் லாக்-அப் பிளேட்டின் தாள். போனது போனதுதான், ஆயில் அதைத் திருப்பித் தராது. இந்த அளவோடு நின்றால் ஓட்டுங்கள். சமதளத்தில் திரும்பி வந்தால் கன்வெர்ட்டரை மட்டும் இறக்கி மாற்றலாம். அப்போதும் மொத்தப் பெட்டியையும் பிரிக்க விடாதீர்கள்.

ஓம்விதி | 2024 ஆகஸ்ட் 19

கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையும் அதே வெள்ளத்தில்தான் நின்றது. ஹெட்லைட், ஏ.சி. எல்லாம் போட்டு, எஞ்சின் ஓடும்போது கியர்பாக்ஸ் உடம்புக்கும் பேட்டரி நெகடிவுக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று பாருங்கள். 0.1-ஐத் தாண்டக் கூடாது.

முடிச்சூர்க்காரன் | 2024 ஆகஸ்ட் 19

0.23. பட்டையின் போல்ட்டைக் கழற்றினேன், அங்கேயும் பச்சை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினேன். இப்போது 0.04.